மாமியின் முன்பல்லும் ஒன்பது அளவீடுகளும்

பெரும்பாலானவர்களுக்குத் தாங்கள் செய்த பிழையை மறந்துவிடும் வசதி இருக்கிறது. எனக்கு இல்லை. என் பிழை தினமும் காலையில் எனக்கு எதிரே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பாண் துண்டைச் சம்பலில் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரிக்கிறது. அது என் மாமியாரின் முன்பல். மேல்வரிசையின் நடுவில் இருக்கும் இரண்டில், இடப்பக்கத்தது. செய்தவள் நான்.

எங்கள் வீட்டுக்கு முதல்தடவை வருகிறவர்கள் இரண்டு நிமிடத்துக்குள் அந்தப் பல்லைக் கண்டுகொள்வார்கள். நாகரிகமானவர்கள் பார்வையைச் சுவர்க்கடிகாரத்துக்கு மாற்றிவிடுவார்கள். மற்றவர்கள் கேட்டே விடுவார்கள். மாமி அதற்காகத்தான் காத்திருப்பார். "மருமகள்ட கைவேலை" என்று தொடங்குவார். அவர் சொல்லும் கதையில் மிகை அதிகம் (மெஷினிலிருந்து புகை வந்தது என்பது முழுப் பொய்). ஆகவே நடந்ததை நடந்தபடி ஒருதடவை எழுதிவைக்கிறேன். எழுதி முடித்தாலும் என் பக்கம் நியாயம் எதுவும் மிஞ்சாது என்பது எனக்குத் தெரியும்.

நான் பல் டொக்டர் இல்லை. பல் செய்பவள். டொக்டர் வாய்க்குள் வேலை செய்வார். நான் வாய்க்கு வெளியே, புத்தளத்தில் ஒரு தனியார் கிளினிக்கின் பின்னறையில், ஒரு மேசையோடும் ஒரு சிறிய சூளையோடும் வேலை செய்வேன். உடைந்த பல்லின் மிச்சத்தை டொக்டர் ராவிச் சிறிதாக்கி அச்செடுத்துத் தருவார். நான் பீங்கான் தூளைக் குழைத்து, அதன்மேல் தொப்பிபோல மாட்டும் ஓர் உறையைப் பல்லின் வடிவத்தில் செய்து சுட்டெடுப்பேன். மூன்று வருடம் படித்துப் பட்டம் வாங்கியிருந்தேன். படிப்பில் எனக்குக் கிடைத்த நல்ல பெயருக்கெல்லாம் ஒரே காரணம், எதையும் பட்டியல் போட்டுச் செய்வேன் என்பதுதான். கடைக்குப் போவதற்கும் பட்டியல், பரீட்சைக்கும் பட்டியல். என் கல்யாணத்துக்கான பட்டியலில் நூற்றிப்பதினாறு வரிகள் இருந்தன. மாமியின் பல் அதில் இல்லை.

பல் செய்வதில் வடிவம் பாதி வேலை. மற்றப் பாதி நிறம். பல் வெள்ளை என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். வெள்ளைத் தாளை வாயருகே பிடித்துப் பார்த்தால் அந்த நினைப்புப் போய்விடும். கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்த எங்கள் பக்கத்துப் பற்களில் மஞ்சள் உண்டு, பழுப்பு உண்டு, நுனியில் கொஞ்சம் சாம்பலும் உண்டு. இந்த நிறத்தைக் கண்டுபிடிக்கக் காலங்காலமாக இருப்பது ஷேட் கைட். பதினாறு பீங்கான் பற்களை ஒவ்வொரு காம்பில் குத்தி வரிசையாக அடுக்கி வைத்த ஒரு தட்டு. ஏ1 வெளிர். ஏ2, ஏ3, ஏ3.5 என்று போகப்போக நிறம் கூடும். டொக்டர் ஒவ்வொன்றாக எடுத்து நோயாளியின் பல்லருகே பிடித்து, எது ஒத்துப்போகிறதோ அதன் இலக்கத்தை எனக்கு எழுதி அனுப்புவார்.

அந்த வருடம் எங்கள் முதலாளி கொழும்பிலிருந்து ஒரு மெஷின் வாங்கி வந்தார். ரிவி ரிமோட்டுக்கும் பல் தூரிகைக்கும் பிறந்த பிள்ளைபோல இருக்கும். அதன் முனையைப் பல்லில் வைத்துப் பொத்தானை அமர்த்தினால், சின்னதாக ஒரு சத்தம் போட்டு நிறத்தின் இலக்கத்தைத் திரையில் காட்டும். எனக்கு அதன்மேல் வந்த பாசம் சாதாரணமானதல்ல. தினமும் துடைத்தேன். பழைய துப்பட்டாவில் அதற்கு ஓர் உறை தைத்தேன். அன்றிலிருந்து மனிதக் கண்ணுக்கு எதிராக என்னிடம் ஒரு பட்டியல் இருந்தது:

ஒன்று, கண் களைக்கும்.
இரண்டு, வெயிலில் ஒன்று சொல்லும், ரியூப் லைட்டில் வேறொன்று சொல்லும்.
மூன்று, நோயாளி சிவப்பு உடுத்து வந்தால் பல் பச்சையாகத் தெரியும்.
நான்கு, கண்ணுக்குப் பின்னால் ஒரு மனுசர் இருப்பார், அவருக்கு பஸ் பிடிக்கும் அவசரம் இருக்கும்.

நான்காவது, டொக்டர் நிலூக்காவை நினைத்து எழுதியது. அவர் சிங்களவர், சிலாபத்திலிருந்து செவ்வாயும் வெள்ளியும் வருவார். என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட. நிறம் பார்ப்பதற்கு அவர் எடுக்கும் நேரம் பத்து விநாடி. நோயாளியை யன்னலடிக்குக் கூட்டிப்போவார், கண்ணை இடுக்குவார், தட்டில் ஒன்றைத் தொடுவார், எழுதுவார். முடிந்தது. நான் சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தில் பார்த்தே இதைக் கணக்கெடுத்திருக்கிறேன்.

இந்த நேரத்தில்தான் எனக்குக் கல்யாணம் பேசியிருந்தார்கள். மாப்பிள்ளை இர்ஷாத், உப்பளத்தில் மேற்பார்வையாளர். அவர்கள் கற்பிட்டியில் தலைமுறை தலைமுறையாக இருப்பவர்கள். நாங்கள் தொண்ணூறில், சண்டைக்காலத்தில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, மன்னாரிலிருந்து வந்தவர்கள். நான் பிறந்ததே புத்தளத்துக்குப் பக்கத்துக் கரைத்தீவில்தான், மன்னாரை நான் பார்த்தது சண்டை முடிந்து பாதை திறந்த பிறகு ஒரு பகல். ஆனாலும் ஊருக்கு நாங்கள் இன்னும் "வந்த ஆக்கள்". இர்ஷாத்தின் சாச்சிமார் (சின்னம்மாமார்) இரண்டு பேர் அதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார்களாம். பேச்சை நிறுத்தியவர் அவருடைய உம்மா, ஹாஜரா மாமி. "எங்கேருந்து வந்தா என்ன, புள்ளைக்குக் கையில தொழில் இருக்கு" என்று சொல்லி, சீனி போட்டுத் தேத்தண்ணியைக் கலக்கிக் கொடுத்துவிட்டாராம். ஆக, அந்த வீட்டுக்குள் நான் நுழைவதற்கு இருந்த ஒரே அனுமதிச்சீட்டு என் தொழில்தான். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஹாஜரா மாமியைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அவர் சிரிக்காமல் பேசமாட்டார். ஆள் இறந்த மையித்து வீட்டில்கூட வாசல்வரைதான் அடக்கிக்கொண்டு இருப்பார், பிறகு யாராவது எதையாவது சொல்லிவிடுவார்கள். அப்படிப்பட்டவர் நோன்பு தொடங்கி நாலாம் நாள், நோன்பு திறக்கும்போது பேரீச்சம்பழத்தைக் கொட்டையோடு கடித்துவிட்டார். முன்பல் பாதி கொட்டையோடு வந்துவிட்டது. அன்றிலிருந்து அவர் முக்காட்டின் நுனியால் வாயைப் பொத்திக்கொண்டே பேசினார். சிரிப்பு அடியோடு நின்றுபோனது.

பெருநாள் கழிந்து ஆறாம் நாள் எங்கள் நிக்காஹ். இர்ஷாத் அவருக்கு ஒரே பிள்ளை. என் உம்மாவும் நானும் பார்க்கப் போனபோது, மாமி முக்காட்டுக்குள்ளிருந்து கேட்டார்.

"மகன்ட கல்யாணத்துக்கு வாற ஆக்கள நான் வாயப் பொத்திக்கிட்டா வாங்கன்னு சொல்றது?"

அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டியவள் நான்.

"மாமி, நான் செஞ்சு தாறேன். எது உங்கட பல்லு, எது நான் செஞ்ச பல்லுன்னு ஒரு ஆளுக்கும் தெரியாது" என்றேன்.

உம்மா என் முழங்கையைக் கிள்ளினார். உம்மாவுக்கு என் தொழில் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் என்னைப் பற்றித் தெரியும்.

அடுத்த செவ்வாய் மாமி கிளினிக்குக்கு வந்தார். டொக்டர் நிலூக்கா வழக்கம்போல அவரை யன்னலடிக்குக் கூட்டிப்போனார், கண்ணை இடுக்கினார், துண்டில் "ஏ3.5" என்று எழுதினார். பத்து விநாடி. (அன்று எட்டாகக்கூட இருக்கலாம்.) ராவும் வேலைக்குத் தண்ணீர் பீய்ச்ச வேண்டும் என்பதால் அதை நோன்பு திறந்த பிறகு செய்தார்கள். டொக்டர் அன்று கடைசி பஸ்ஸில் போனார். மாமி ஊசிக்கும் ராவலுக்கும் பயந்து நடுங்கி, இனி உயிர் போனாலும் அந்தச் சத்தத்தைக் கேட்கமாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டுப் போனார். அவருடைய வாயில் தற்காலிகமாக ஒரு பிளாஸ்டிக் பல்.

துண்டு என் மேசைக்கு வந்தது. நான் அதைப் பார்த்தேன். என் எதிர்கால மாமியாரின் பல், என் வாழ்க்கை, எட்டு விநாடி. என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. மறுநாள் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு வரும்படி மாமிக்குச் சொல்லியனுப்பினேன். பக்கத்துப் பல்லை மெஷினால் அளந்து, அதற்கு அச்சொட்டாக உறை செய்வது திட்டம்.

மாமி வந்தார். நோன்போடு இருந்ததால் ஒரு சொட்டும் தொண்டைக்குள் போய்விடக்கூடாது என்று கலங்கினார். நான் அதற்கும் ஒரு ஏற்பாடு வைத்திருந்தேன். இரண்டு கன்னத்துக்குள்ளும் பஞ்சு உருளைகள். உதட்டுக்கு அடியில் பஞ்சு. நாக்கின்மேல் பஞ்சு. அதற்கு மேல், பல் சுத்தமாக இருக்கவேண்டும் என்று காற்றுக் குழாயால் நன்றாக ஊதி உலர்த்தினேன். பிறகு உதடுகளை விரித்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் வளையத்தை மாட்டினேன். மாமி கதிரையில் சாய்ந்து, வாய் முழுவதும் பஞ்சோடு, கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலையணை தைக்கக் கொடுத்ததுபோல இருந்தது.

"ஒன்பது தடவை அளப்போம் மாமி. ஒருதடவை அளந்தா நம்பேலாது" என்றேன்.

மாமி கண்ணை மட்டும் மூடித் திறந்தார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஊதுவதற்கு முன்னால், மெஷின் வேலை செய்கிறதா என்று பார்க்க ஒருதடவை வைத்துப் பார்த்திருந்தேன். ஏ3.5 என்று காட்டியது. கொப்பியில் எழுதினேன். எழுதும்போதே எரிச்சல் வந்தது, ஏனென்றால் அதுதான் டொக்டரின் துண்டிலும் இருந்தது. இவ்வளவு விலைகொடுத்து வாங்கிய மெஷின், யன்னலடியில் கண்ணை இடுக்கியவரோடு ஒத்துப்போவதா? உலர்த்திய பிறகு இரண்டாவது அளவு: ஏ3. ஒவ்வோர் அளவுக்கும் இடையில் மெஷினை அதன் வெள்ளைத் தகட்டில் வைத்துச் சரிபார்த்தேன், கையேட்டைப் புரட்டினேன், திகதியும் நேரமும் எழுதினேன். ஐந்து நிமிடம் ஓடிவிடும். மாமி வாயைத் திறந்தபடியே இருந்தார். மூன்றாவது: ஏ2. நான்காவது: ஏ2. ஐந்து, ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது: ஏ2, ஏ2, ஏ2, ஏ2, ஏ2.

ஏழு தடவை ஒரே விடை. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மெஷின் என்றால் இதுதான் என்று நினைத்தேன். கொப்பியில் முதல் இரண்டு அளவுகளின் மேலும் கோடு போட்டு, பக்கத்தில் தெளிவான எழுத்தில் எழுதினேன்: "ஆரம்பக் கைநடுக்கம். நீக்கப்பட்டது."

அந்தக் கொப்பி இன்னும் இருக்கிறது. இர்ஷாத் அதைப் பத்திரமாக வைத்திருக்கிறார். எங்கே என்று எனக்குச் சொல்லமாட்டார்.

பல்லை ஏ2 நிறத்தில் செய்தேன். இரண்டு நாள் அதற்கே செலவானது. வடிவம், நுனியின் மெல்லிய தேய்வு, வலப்பக்கப் பல்லில் இருந்த சின்னக் கீறல்கூட அதில் இருந்தது. இன்றைக்கும் சொல்வேன், வடிவத்தில் அதில் ஒரு குறையும் இல்லை.

ஒட்டுவதற்கு மாமி வந்தது இருபத்தேழாம் நோன்பு, வெள்ளிக்கிழமை பின்னேரம். மறுபடியும் பஞ்சு, மறுபடியும் வளையம், மறுபடியும் காற்று. ஒட்டும் இடம் உலர்ந்திருக்க வேண்டும், அது சட்டம். டொக்டர் கையைக் கழுவி வருவதற்குள் நான் உறையை மாட்டிப் பார்த்தேன். எல்லாம் உலர்ந்த பிறகு, இரண்டு பற்களும் ஒரே சூளையில் சுட்டதுபோல இருந்தன. மெஷினை வைத்தேன். இதுவும் ஏ2, அதுவும் ஏ2. படம் பிடித்தேன்.

டொக்டர் வந்து பார்த்தார். கண்ணை இடுக்கினார். மறுபடியும் பார்த்தார்.

"நான் எழுதினது மூண்டரை தானே" என்றார். அவருடைய தமிழ் எங்களிடம் பழகிய தமிழ், நிதானமாக வரும்.

"ஓம் டொக்டர். மெஷின் ரெண்டுன்னு சொல்லுது. ஏழு தரம்."

"இப்ப சரியாத்தான் தெரியுது. அது தான் எனக்கு பிடிக்கல்ல. தற்காலிக சீமெந்து போட்டு அனுப்புவோமா? பெருநாள் முடிஞ்சு பாத்துட்டு நல்லா ஒட்டலாம்."

இந்த இடத்தில் என்னை யாராவது தடுத்திருக்கலாம். வானம் இடிந்திருக்கலாம். மின்சாரம் போயிருக்கலாம் (மற்ற நாட்களிலெல்லாம் போகும்). ஒன்றும் நடக்கவில்லை.

"தேவையில்ல டொக்டர். கல்யாணத்துல கழண்டு விழுந்தா? நிரந்தரமாவே ஒட்டுங்க. நான் பொறுப்பு."

டொக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். சிலாபம் பஸ்ஸுக்கு இருபது நிமிடம் இருந்தது. பெருநாளைக்குக் கிளினிக்கைப் பத்து நாள் பூட்டுவதால் அவர் அன்றிரவே குடும்பத்தோடு மலைநாட்டுக்குப் பயணம். ஒட்டினார். சீமெந்துத் தொழிற்சாலை இருக்கும் புத்தளத்துக்காரியான எனக்கு, இறுகினால் விடாத சீமெந்தின் குணம் தெரிந்திருக்க வேண்டும்.

பஞ்சையெல்லாம் எடுத்துவிட்டு மாமியின் கையில் கண்ணாடியைக் கொடுத்தேன். அவர் முக்காட்டை விலக்கிப் பார்த்தார். உதட்டை மேலே தூக்கிப் பார்த்தார், தலையைச் சரித்துப் பார்த்தார். பிறகு சிரித்தார். மூன்று வாரமாகச் சேர்த்து வைத்திருந்த சிரிப்பு அத்தனையும் வந்தது. முன்னறையில் காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். என் கன்னத்தைப் பிடித்து, "அல்லா ஒன்ட கைக்கு பரக்கத்துத் தரோணும் மகள்" என்றார். நான் மெஷினைத் துப்பட்டா உறையில் போட்டேன். என் வாழ்க்கையின் மிக நல்ல பின்னேரம் அது. அந்தச் சந்தோசம் ஒரே ஓர் இரவுதான் நீடித்தது.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு இர்ஷாத்திடமிருந்து அழைப்பு வந்தது. நிக்காஹுக்கு முன் அவர் என்னோடு கதைத்தது அதுவரை மூன்றே தடவை, மூன்றும் வெட்கத்தில் முடிந்தவை. இந்தத் தடவை வெட்கம் இல்லை.

"நேத்து ரெண்டு பல்லும் ஒரே கலர்லதானே இருந்திச்சி?"

"ஓம்."

"இப்ப இல்ல."

"எப்படி?"

அவர் கொஞ்சம் யோசித்தார். உப்பளத்தில் வேலை செய்கிறவர், அவருக்குத் தெரிந்ததைத்தான் சொன்னார். "உம்மாட வாய்ல ஆரோ உப்புக்கட்டி ஒண்ட வெச்ச மாதிரி இருக்கு."

தொலைபேசியை வைத்துவிட்டு உடனே பட்டியல் போட்டேன். ஒன்று, ஆண்களில் சிலருக்கு நிறம் சரியாகத் தெரியாது, மாப்பிள்ளையும் அதில் ஒருவராக இருக்கலாம். இரண்டு, அவர்கள் வீட்டு மின்குமிழ் மஞ்சள். மூன்று, மாமி நோன்பு திறந்தபோது நிறம் பிடிக்கும் ஏதோ ஒன்றைக் குடித்திருக்கிறார். நான்கு, மற்றப் பற்களுக்குத் திடீரென்று ஏதோ வியாதி. ஐந்தாவதாக "என் பிழை" என்று எழுதவேண்டி இருந்தது. தாளில் இடம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

உம்மாவையும் மெஷினையும் கூட்டிக்கொண்டு கற்பிட்டிக்கு பஸ் ஏறினேன். அங்கே வாசலிலேயே சாச்சிமார் இருவரும் இருந்தார்கள். அவர்களுடைய முகத்தில் இருந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை. மாமி உள்ளே கட்டிலில், மறுபடி முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தார். என்னைக் கண்டதும் முக்காட்டை எடுத்தார்.

மெஷின் தேவையே இல்லை. ஷேட் கைட்டும் தேவையில்லை. அந்த அறையில் இருந்த யாருக்கும் படிப்பும் தேவையில்லை. பழுப்புப் பற்களின் நடுவில் என் பல் மட்டும் கந்தக்குழி வெளிச்சவீடுபோல நின்றது. இருந்தும், பழக்கதோஷத்தில் மெஷினை எடுத்துப் பக்கத்துப் பல்லில் வைத்தேன். அறை முழுக்கப் பெண்கள் பார்த்துக்கொண்டிருக்க, அது சின்னதாகச் சத்தம் போட்டுத் திரையில் காட்டியது.

ஏ3.5.

நான் கோடு போட்டு வெட்டிய முதலாவது அளவு. உலகத்திலேயே சரியாக இருந்த ஒரே அளவு.

முற்றத்துக்கு வந்து டொக்டரை அழைத்தேன். பின்னால் பஸ் ஓடும் சத்தமும் பிள்ளைகள் சண்டைபிடிக்கும் சத்தமும் கேட்டன. நடந்ததைச் சொன்னேன்.

"ஊதி காயவெச்சா?" என்று கேட்டார்.

"ஓம்."

"எவ்வளவு நேரம் வாய் தெறந்து வெச்சா?"

"நாப்பது நிமிசம்."

"முதல்ல, காயவெக்க முன்னம், மெஷின்ல என்ன வந்தது?"

"நீங்க எழுதினதுதான்" என்றேன். அதற்குப் பிறகு அவர் சொன்னதை நான் அவருக்கு முன்பே சொல்லியிருக்க முடியும். பல் காய்ந்தால் வெளிறிவிடும். மறுபடி எச்சில் ஊறி ஒருநாள் போனால்தான் சொந்த நிறத்துக்கு வரும். அதனால்தான் நிறத்தை எல்லாவற்றுக்கும் முதல், வாய் ஈரமாக இருக்கும்போதே பார்க்கவேண்டும். இரண்டாம் வருடப் பரீட்சையில் இது ஒரு கேள்வியாக வந்தது. அதற்கு எனக்கு முழுப்புள்ளி.

கழற்றுவதென்றால் உறையை ராவி வெட்டித்தான் எடுக்கவேண்டும். டொக்டர் மலையில். மற்ற இடங்களெல்லாம் பெருநாளுக்குப் பூட்டு. வேறு யாராவது கிடைத்தாலும், ராவும் சத்தம் என்றதுமே மாமி கட்டிலின் அடுத்த ஓரத்துக்குப் போய்விட்டார். "இன்னொருக்காவா? நான் இப்படியே மவுத்தாகிறேன்" என்றார்.

பெருநாளிலிருந்து கல்யாணம் வரை இருந்த நாட்களைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை. ஊரே யோசனை சொன்னது. ஒரு சாச்சி வெற்றிலை என்றார். இன்னொரு சாச்சி மஞ்சள் என்றார். கடைசியில் கடுஞ்சாயம் என்று முடிவானது. மாமி ஒரு நாளைக்கு ஆறுதடவை கடுங்கறுப்புத் தேத்தண்ணியை வாயில் வைத்துக் கொப்பளித்தார். பீங்கானில் சாயம் பிடிக்காது என்பது எனக்குத் தெரியும், மேல்பூச்சுப் போட்டவளே நான்தான். ஆனாலும் நம்பிக்கை இழந்தவர்கள் எதையும் தடுப்பதில்லை. ஐந்து நாளில் மற்றப் பற்களெல்லாம் இன்னொரு நிறம் கூடின. என் பல் அப்படியே இருந்தது. இடைவெளி இன்னும் கூடியது.

நிக்காஹ் அன்று பெண்கள் பக்கத்தில், அலங்கரித்த கதிரையில் நான் உட்கார்ந்திருந்தேன். கைநிறைய மருதாணி, கழுத்து நிறைய நகை, மனதில் ஒரே ஒரு பல். பள்ளிவாசலில் நிக்காஹ் முடிந்தது என்று செய்தி வந்தபோது எல்லாரும் சந்தோசப்பட்டார்கள். நான் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமி வந்தார். நீலச் சாரி, முக்காட்டின் நுனி வாயில். வருகிறவர்களுக்குத் தலையை மட்டும் ஆட்டினார். ஒரே மகனின் கல்யாணத்தில், சிரிப்பதற்கென்றே பிறந்தவர், துணியைக் கடித்துக்கொண்டு நின்றார். ஓர் ஆளை அந்த நிலைக்குக் கொண்டுவந்தது மெஷின் இல்லை, என் படிப்புத்தான் என்று நினைத்தேன். அழுகை வந்தது. மணப்பெண் அழுவது வழக்கம் என்பதால் யாரும் காரணம் கேட்கவில்லை.

படம் பிடிக்க வந்த பெண் எங்கள் இருவரையும் சேர்த்து நிறுத்தினாள். "மாமி, அந்தத் துணியக் கொஞ்சம் எடுங்க" என்றாள். மாமி அசையவில்லை. பின்னால் நின்ற மூத்த சாச்சி எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"விடுங்க, பாவம். மன்னார்க்காரி செஞ்ச பல்லு. அதான் பொத்திக்கிட்டு நிக்கிறா."

மாமி சாச்சியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். என் கண்மை கன்னத்துக்கு இறங்கியிருந்ததை அப்போதுதான் கண்டிருப்பார். முக்காட்டை வாயிலிருந்து எடுத்துத் தோளில் போட்டார்.

"மன்னார்க்காரி யாரு? என்ட மருமகள்" என்றார். "ஒன்பது தரம் அளந்து செஞ்ச பல்லு இது. ஒங்கட வாய்ல இருக்கிறதுகள ஆராச்சும் ஒருக்காவாவது அளந்தீங்களா?"

சொல்லிவிட்டு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. முழு வாயையும் திறந்து, தோள் குலுங்க, கண்ணீர் வரச் சிரித்தார். பக்கத்தில் நின்றவர்கள் தொடங்கினார்கள். கடைசியில் சின்ன சாச்சியும். அந்த நேரம் பார்த்துப் படம் எடுத்துவிட்டாள் அந்தப் பெண்.

அது எங்கள் வீட்டு முன்னறையில் பெரிதாக மாட்டியிருக்கிறது. படத்தில் நான் கண்மை வழிந்த முகத்தோடு தூக்குக்குப் போகிறவள்போல நிற்கிறேன். பக்கத்தில் மாமி சிரிக்கிறார். கமெராவின் வெளிச்சம் பட்டு அந்தப் பல் இன்னும் இரண்டு நிறம் வெளிறியிருக்கிறது. படத்தைப் பார்க்கிறவர்களின் கண் மணப்பெண்ணுக்கு வருவதே இல்லை. அன்று விருந்தில் இருந்த எல்லாரிடமும் மாமி பல்லைக் காட்டிக் கதையைச் சொன்னார். பாராட்டா, மரணதண்டனையா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் அன்றோடு மன்னார்க்காரி என்ற பெயர் போய்விட்டது. அதற்குப் பதிலாக "பல்லுக்காரி" வந்தது. அது இன்னும் போகவில்லை.

வீட்டில் இப்போது எதற்கும் ஒரே கேலிதான். நான் மீன் கடையில் முதலில் எடுத்ததை வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தால், இர்ஷாத் மீன்காரரிடம் மெதுவாகச் சொல்வார்: "முதலாவத வெட்டிட்டாங்க. கைநடுக்கம்." மகளுக்குப் பெயர் வைக்கும்போதும் இதையே சொன்னார். முதலில் யோசித்த பெயரையே வைத்தோம்.

கிளினிக்கில் இப்போது நான் வேலை செய்யும் முறை வேறு. நோயாளி வந்து உட்கார்ந்ததும், வாய் ஈரமாக இருக்கும்போதே மெஷினால் ஒருதடவை அளப்பேன். பிறகு டொக்டர் நிலூக்கா யன்னலடியில் கண்ணை இடுக்குவார். இரண்டும் ஒத்துப்போனால் வேலை தொடங்கும். இல்லையென்றால் இருவரும் மறுபடி பார்ப்போம். ஒன்பது தடவை யாரும் எதையும் அளப்பதில்லை.

மாமிக்குப் புதிய பல்லும் செய்துவிட்டேன். கல்யாணம் முடிந்து மூன்றாம் மாதம், ஏ3.5. மெஷினும் டொக்டரும் அட்டைத் துண்டில் கையொப்பம் போடாத குறையாக ஒத்துக்கொண்ட நிறம். அது ஒரு சின்னப் பெட்டியில், பஞ்சில் சுற்றி, அலுமாரியில் அவருடைய நகைகளோடு இருக்கிறது. ராவலுக்குப் பயம் என்றுதான் முதலில் சொன்னார். போன வருடம் வேறொரு பல்லுக்காக, ஒரு சத்தமும் போடாமல் ராவிக்கொண்டு வந்தார். அன்று பின்னேரம் நான் கேட்டேன்: பயம் போய்விட்டதே, நாளைக்கே இதையும் மாற்றிவிடலாமே?

மாமி தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்தார். கோப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"வேணாம் மகள், இது இருக்கட்டும்" என்றார். "ஒனக்கு எல்லாம் தெரியும்டு நெனப்பு வாற நாள்ல, நான் ஒண்டும் பேசத் தேவயில்லயே. கொஞ்சம் சிரிச்சாப் போதும்."

சொல்லிவிட்டுச் சிரித்தார்.